பொதிமாடுகளுக்குக் காத்திருந்த தளபதி

1780 நவம்பர் 5. சென்னைக் கடற்கரைக்கு எதிரே கப்பலை நிறுத்த எந்த மாலுமியும் தயங்கும் பருவம் அது. அப்போது அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகள் அலையைக் கடந்துபோய் ஆட்களையும் சரக்குகளையும் கரைசேர்க்கும். அந்த மழைக்காலத்தில்தான் கல்கத்தாவிலிருந்து வந்து இறங்கினார் சர் அயர் கூட். வயது 54. இந்தியாவில் ஆங்கிலேயருக்கு இருந்த படைகள் அனைத்துக்கும் அவரே தலைமைத் தளபதி. உடன் சில நூறு ஐரோப்பியப் படைவீரர்களும் 15 லட்சம் ரூபாயும் வந்தன. சென்னைக் கவர்னர் வைட்ஹில்லைப் பதவியிலிருந்து விலக்கி வைக்கும் கல்கத்தா உத்தரவும் அவரிடம் இருந்தது.

அவர் பார்த்த சென்னை பீதியில் உறைந்திருந்தது. ஜூலையில் செங்கம் கணவாய் வழியாக மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கியிருந்தது. கர்நாடகம் என்றால் அன்று ஆர்க்காட்டு நவாபின் நாடு. இன்றைய வட தமிழகத்தின் பெரும்பகுதி. எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் பேர் கொண்ட தண்டு என்று அக்காலத்தவர் மதிப்பிட்டார்கள். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகில் பொள்ளிலூரில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படை முழுவதும் அழிந்தது. உயிர் தப்பியவர்கள் சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் போனார்கள். சில மைல் தூரத்தில் காஞ்சிபுரத்தில் இருந்த ஆங்கிலேயத் தளபதி ஹெக்டர் மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. கனரகப் பீரங்கிகளைக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பிவிட்டார். கூட் கரையிறங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் ஆர்க்காடும் விழுந்தது.

அந்த நிலையில் சென்னையில் யாரைக் கேட்டாலும் பீரங்கி வேண்டும், குதிரைப்படை வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். புதிய தளபதிக்கோ முதல் கவலை மாடுகள். பீரங்கியை இழுக்க மாடு. அரிசி மூட்டை சுமக்க மாடு. குண்டும் மருந்தும் ஏற்றக் காளை வண்டி. ஹைதரின் குதிரைப்படை சுற்றுவட்டாரத்தைத் துடைத்துவிட்டிருந்ததால் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர் வென்ற சண்டைகளைப் பாடநூல்கள் தேதியோடு சொல்கின்றன. வென்ற பிறகு ஒவ்வொரு முறையும் அவர் ஏன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார் என்பதைச் சொல்வதில்லை. அயர் கூட்டைப் புரிந்துகொள்ள வழி அங்கேதான் இருக்கிறது.

*

அயர் கூட் அயர்லாந்துக்காரர். 1726இல் லிமரிக் மாவட்டத்தில், கில்மல்லக் ஊருக்கு அருகே, ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். இளம் வயதிலேயே பட்டாளத்தில் சேர்ந்து, 1745இல் ஸ்காட்லாந்தில் மூண்ட கலகத்தை அடக்கப் போன படையிலும் இருந்தார். 1754இல் இந்தியாவுக்கு ஒரு ரெஜிமெண்ட் வந்தது. இங்கிலாந்து மன்னரின் சொந்தப் படையிலிருந்து இந்திய மண்ணில் கால் வைத்த முதல் ரெஜிமெண்ட் அது: 39ஆவது காலாட்படை. அதில் ஓர் அதிகாரியாக அவர் வந்தார்.

மன்னரின் அதிகாரி என்ற எண்ணம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், அதிகாரிகளை ஒரு படி கீழாகத்தான் பார்த்தார். 1757 ஜனவரியில் வங்காள நவாபிடமிருந்து கல்கத்தாவை மீட்டபோதே இது வெடித்தது. கோட்டையை அவர் பொறுப்பில் விட்டார் அட்மிரல் வாட்சன். கும்பினித் தளபதியான ராபர்ட் கிளைவ் வந்து, அதிகாரம் தனக்கே உரியது என்றார். இருவரும் மோதிக்கொண்டார்கள். அன்று தொடங்கிய கசப்பு இருவர் வாழ்நாளிலும் ஆறவில்லை.

ஆனாலும் அதே ஆண்டு அந்த நவாபோடு நடந்த பிளாசிப் போருக்கு முன்னான ஆலோசனையில் அவர் எடுத்த நிலை கவனிக்கத்தக்கது. ஜூன் 21 அன்று கிளைவ் தன் அதிகாரிகளைக் கூட்டி, உடனே தாக்கலாமா, பொறுத்திருக்கலாமா என்று கேட்டார். கிளைவ் உட்பட பெரும்பான்மையினர் பொறுத்திருக்கச் சொன்னார்கள். உடனே தாக்க வேண்டும் என்ற சிறுபான்மையில் முன்நின்றவர் மேஜர் கூட். சும்மா இருந்தால் வீரர்களின் ஊக்கம் குறையும், எதிரிக்குப் பிரெஞ்சு உதவி வந்து சேரும் என்பது அவர் வாதம். பிறகு கிளைவும் மனம் மாறினார். ஜூன் 23இல் சண்டை நடந்தது. முப்பத்தோரு வயதில் இருந்த அந்த அவசரக்காரரும், இருபத்து நான்கு ஆண்டு கழித்துக் கடலூரில் மாதக்கணக்கில் மாட்டுக்கும் அரிசிக்கும் காத்துக் கிடந்த கிழவரும் ஒரே மனிதர்தான்.

*

1759 இறுதியில் அவர் சென்னைக்கு வந்தார். இப்போது லெப்டினன்ட் கர்னல். கையில் 84ஆவது என்ற புதிய ரெஜிமெண்ட். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கர்நாடகத்துக்காகச் சண்டையிட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. பிரெஞ்சுத் தளபதி லாலியும் அயர்லாந்து வம்சாவளி. துணிச்சல்காரர், ஆனால் யாரையும் அனுசரித்துப் போகத் தெரியாதவர். சென்னையை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியிருந்தார். புதுச்சேரியில் அவருடைய படைவீரர்களுக்குச் சம்பளம் பல மாதமாக நிலுவை.

நவம்பர் 30இல் கூட் வந்தவாசிக் கோட்டையைப் பிடித்தார். பத்து நாளில் கருங்குழியும் வந்தது. வந்தவாசியை மீட்க லாலி ஜனவரியில் முற்றுகையிட்டார். சுவரில் பிளவு விழும் நேரம் வரை பொறுத்திருந்து, உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து கூட் தன் படையைக் கிளப்பினார். முற்றுகைக்கு ஒரு பங்கு ஆளை விட்டுவிட்டுத்தான் எதிரி தன்னோடு மோத முடியும் என்பது அவர் கணக்கு.

1760 ஜனவரி 22 காலை. ஏறக்குறைய 1,900 ஐரோப்பியரும் 2,100 சிப்பாய்களும் ஆங்கிலேயர் பக்கம். லாலியிடம் இரண்டாயிரத்துச் சொச்சம் ஐரோப்பியரும் ஆயிரத்துச் சொச்சம் சிப்பாய்களும். கூட் நேராக மோதவில்லை. வந்தவாசி மலையின் அடிவாரத்தை ஒட்டிப் படையை நகர்த்தினார். ஒரு பக்கம் பாறை காவல். முன்னே கோட்டையின் பீரங்கி காவல். லாலியின் உதவிக்கு வந்திருந்த மராட்டியக் குதிரைகள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தன. தன் ஐரோப்பியக் குதிரைப்படையைத் தானே நடத்தப் போன லாலியின் பின்னால் வீரர்கள் முதலில் அசையவே மறுத்தார்கள்.

பிரெஞ்சு லொரேன் ரெஜிமெண்ட் நெருக்கமாக அணிவகுத்துப் பாய்ந்து வந்தது. ஐம்பது கஜ தூரம் வரும்வரை கூட் சுட விடவில்லை. பிறகு நடந்தது கைகலப்பு. அந்நேரத்தில் பிரெஞ்சு அணியின் ஓரத்தில், ஏரிக்கரை அருகே, ஒரு வெடிமருந்து வண்டியில் குண்டு விழுந்து வெடித்தது. சுற்றியிருந்த ஏறத்தாழ எண்பது பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். அந்த இடைவெளிக்குள் ஆங்கிலேயர் நுழைந்தனர். அதை அடைக்க முயன்ற பிரெஞ்சுத் தலைவர் புஸ்ஸி, குதிரை சுடப்பட்டுக் கீழே விழுந்து பிடிபட்டார். தக்காணத்தில் நிஜாமின் அரசவையையே ஆட்டிவைத்த மனிதர் அவர். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது.

வந்தவாசிதான் தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆதிக்கத்தை முடித்த சண்டை என்று படித்திருக்கிறோம். அது சரிதான். ஆனால் அன்று முடிந்தது திறந்தவெளிப் போர் மட்டும். அதற்குப் பிறகு ஒரு வருடம் கூட் செய்த வேலை கோட்டை கோட்டையாகப் பிடிப்பது: பிப்ரவரியில் ஆர்க்காடு, பிறகு காரைக்கால், சிதம்பரம், விழுப்புரம், கடலூர். புதுச்சேரிக்கு அரிசி வரும் பாதைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். கடைசியில் நகரத்தைப் பட்டினி போட்டார்.

*

அந்தப் பட்டினியில் ஒரு நிகழ்ச்சியை எளிதாகக் கடந்துவிட முடியாது. நவம்பர் 27 அன்று, இருக்கும் தானியம் பட்டாளத்துக்கே போதாது என்று கண்ட லாலி, நகரத்திலிருந்த தமிழ்க் குடிமக்களில் 1,400 பேரை ஆண், பெண், குழந்தை பாராமல் வெளியே துரத்தினார். அவர்கள் ஆங்கிலேயர் வரிசைக்கு வந்தார்கள். அவர்களைக் கடந்துபோக விட்டால் நகரத்தில் வயிறுகள் குறையும், முற்றுகை நீளும் என்று கூட் கணக்குப் போட்டார்; விட மறுத்தார். திரும்பிப் போனவர்களைக் கோட்டைக்காரர்கள் சுட்டார்கள். எட்டு நாள், இரண்டு படைகளுக்கு நடுவே, வயல்களில் கிடைத்த வேரையும் புல்லையும் தின்று அந்த மக்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகுதான் கூட் வழி விட்டார்.

இந்தப் போர்களின் வரலாற்றாசிரியரான ராபர்ட் ஓர்மே இதை எழுதி வைத்திருக்கிறார். அந்த 1,400 பேரில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. புஸ்ஸியின் குதிரைக்கு என்ன ஆயிற்று என்று தெரிகிறது; இவர்கள் எந்தத் தெருவிலிருந்து துரத்தப்பட்டார்கள் என்று தெரியவில்லை. முற்றுகை என்பது அந்நாளைய ராணுவ நெறிப்படி தவறில்லாத முறைதான், கூட்டும் மற்றவர்களைவிடக் கொடியவர் அல்ல. அதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் அந்த எட்டு நாள் அவருடைய கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

1761 புத்தாண்டு இரவில் பெரும்புயல் அடித்தது. நகரத்தைக் கடல்வழி அடைத்து நின்ற ஆங்கிலேயக் கப்பல்கள் பல மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கரையில் கூடாரங்கள் பறந்தன, வெடிமருந்து நனைந்தது. லாலியிடம் அன்று தெம்புள்ள ஆயிரம் பேர் இருந்திருந்தால் முற்றுகை உடைந்திருக்கும். இருந்தவர்களால் எழுந்து நடக்கவே முடியவில்லை. ஜனவரி 16 காலை வில்லியனூர் வாசல் வழியாகக் கூட்டின் வீரர்கள் உள்ளே போனார்கள். சரணடைய அணிவகுத்த பிரெஞ்சுப் படை எலும்பும் தோலுமாக நின்றது.

புதுச்சேரியின் துபாஷ் (மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும்) ஆனந்தரங்கப் பிள்ளை, கால் நூற்றாண்டு காலம் அந்த நகரத்தின் நடப்பையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வந்தவர், அதே ஜனவரியில் இறந்துபோனார். அவர் வளர்ந்து வாழ்ந்த நகரம் அவருக்குப் பின் அதிக நாள் நிற்கவில்லை. நகரம் மன்னருக்கா, கும்பினிக்கா என்று கூட்டுக்கும் சென்னைக் கவர்னர் பிகட்டுக்கும் வழக்கு வந்தது. நகரத்தைக் கும்பினியிடம் கொடுக்காவிட்டால் படைகளுக்குப் பணம் தர மாட்டேன் என்றார் பிகட். தளபதி பணிந்தார். 1758இல் லாலி கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையை இடித்ததற்குப் பழியாகப் புதுச்சேரியின் மதில்களும் பெரிய கட்டடங்களும் தரைமட்டமாக்கப்பட்டன. லாலியின் முடிவு இன்னும் மோசம்: நாட்டைக் காட்டிக்கொடுத்ததாகக் குற்றம் சாட்டி 1766இல் பாரிஸில் தலையை வெட்டினார்கள். அந்தத் தீர்ப்பு அநீதி என்று பின்னாளில் வால்டேர் வாதாடினார்.

*

அதன் பிறகு வந்த பதினெட்டு ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். வங்காளத்தில் கொஞ்ச காலம் தளபதி. அங்கே கவர்னர் வான்சிட்டார்ட்டோடு தகராறு. ஊருக்குத் திரும்பியபோது கும்பினி வைரம் பதித்த கைப்பிடியுடைய வாள் ஒன்றைப் பரிசளித்தது. ஹாம்ப்ஷயரில் வெஸ்ட் பார்க் என்ற பண்ணையை வாங்கினார். 1768இல் லெஸ்டர் தொகுதியிலிருந்து பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். 1770இல் மறுபடி சென்னைக்குத் தளபதியாக வந்தவர், கவர்னர் டுப்ரேயோடு அதிகாரச் சண்டை போட்டுவிட்டு, பாலைவன வழியாக ஊர் திரும்பினார். 1771இல் சர் பட்டம். எந்தக் கவர்னரோடும் அவருக்கு ஒத்துப்போனதில்லை. அதில் அவருடைய கர்வத்துக்கும் பங்கு உண்டு; வியாபாரக் கம்பெனியின் குமாஸ்தாக்கள் படைக்கு ஆணையிடும் அமைப்பு யாரையும் எரிச்சலூட்டக்கூடியதுதான் என்பதும் உண்மை.

பணத்திலும் அவர் விட்டுக்கொடுப்பவர் இல்லை. 1779இல் தலைமைத் தளபதியாகக் கல்கத்தாவுக்கு வந்தபோது, கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அவரைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள, சம்பளத்துக்கு மேல் ஆண்டுக்குப் பல ஆயிரம் பவுண்டு படிகளை ஒதுக்கினார். அந்தச் செலவு அயோத்தி நவாபின் தலையில் விழுந்தது. பின்னாளில் ஹேஸ்டிங்ஸ் மீது பாராளுமன்றத்தில் நடந்த விசாரணையில் இதுவும் ஒரு குற்றச்சாட்டாக வந்தது.

*

இனி 1781. ஜனவரி 17 அன்று பரங்கிமலையிலிருந்து கூட் புறப்பட்டார். ஏழாயிரம் பேர் இருக்கலாம். கருங்குழியை மீட்டு, 24ஆம் தேதி வந்தவாசியை அடைந்தார். தான் இளமையில் வென்ற அதே ஊர். உள்ளே லெப்டினன்ட் வில்லியம் ஃபிளின்ட் என்ற இளைஞர், சொற்பச் சிப்பாய்களோடு ஹைதரின் படையை மாதக்கணக்கில் தடுத்து வைத்திருந்தார். நவாபின் கில்லேதார் (கோட்டைத் தலைவர்) கோட்டையை எதிரியிடம் ஒப்படைக்கவிருந்த கட்டத்தில், உள்ளே புகுந்து அவனைத் தன் காவலில் வைத்துக்கொண்டவர் அவர். கர்நாடகம் முழுவதும் அப்போது நவாபின் கில்லேதார்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்தவாசியில் மட்டும் அது நடக்கவில்லை.

அங்கிருந்து பெருமுக்கல், புதுச்சேரி, பிப்ரவரியில் கடலூர். அங்கே அவர் மாட்டிக்கொண்டார். மறுபடி ஆங்கிலேயரோடு போரில் இறங்கியிருந்த பிரெஞ்சுக்காரரின் கப்பற்படை கடலில் நின்றது. கரையில் ஹைதர் நின்றார். சுற்றிலும் வயல்கள் எரிந்து கிடந்தன. கடல்வழி அரிசி வராவிட்டால் படை பட்டினி. பிரெஞ்சுத் தளபதி தோர்வ் இன்னும் சில வாரங்கள் அந்தக் கரையில் தங்கியிருந்தால் கூட் சரணடைந்திருக்க வேண்டியதுதான். ஹைதர் எவ்வளவோ வேண்டியும் கேட்காமல், பிப்ரவரி நடுவில் தோர்வ் பாய்விரித்துப் போய்விட்டார். தென்னிந்தியாவின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நழுவல் அதிகம் இல்லை.

ஐந்து மாதம் கடலூரில் கிடந்தது படை. நகர்வதற்கு மாடு இல்லை. இருந்த மாடுகளுக்குத் தீவனம் இல்லை. ஹைதரின் நிலையோ நேர்மாறு. மைசூரில் அரசின் கண்காணிப்பில் வளர்க்கப்பட்ட காளைகள் அவருடைய பீரங்கிகளை இழுத்தன. பிற்காலத்தில் அமிர்த மகால் என்று பெயர் பெற்ற இனம் அது. தப்பிக்க நினைத்த கணத்தில் பீரங்கியோடு தப்பிக்க அவரால் முடிந்தது. தோற்றாலும் அவர் இழந்தது குறைவு. ஜெயித்தாலும் கூட்டால் துரத்த முடியவில்லை.

ஜூன் 18 அன்று சிதம்பரத்தில் அவர் ஒரு பெரிய தவறு செய்தார். நடராசர் கோவிலின் மதில்களுக்குள் ஹைதரின் காவற்படையும் தானியமும் இருந்தன. போதிய பீரங்கி இல்லாமல், உள்ளே எத்தனை பேர் என்று சரியாகத் தெரியாமல் தாக்கி, அடிபட்டுத் திரும்பினார். அந்தச் செய்தி கேட்டு ஹைதர் திருச்சிப் பக்கத்திலிருந்து விரைந்து வந்து, கூட்டுக்கும் கடலூருக்கும் நடுவில் பரங்கிப்பேட்டைக்கு அருகே மணல்மேடுகளில் பீரங்கி மேடைகள் கட்டினார். ஆங்கிலேயப் படையிடம் இருந்தது நான்கு நாள் அரிசி. அதையும் வீரர்கள் தோளில் சுமந்தார்கள்.

ஜூலை 1 காலை ஏழு மணிக்கு, எட்டாயிரத்துச் சொச்சம் பேரோடு கூட் புறப்பட்டார். எதிரே அதைப் போலப் பல மடங்கு. ஹைதர் தயார் செய்து வைத்திருந்த இடத்தில் போய் விழ அவர் தயாராக இல்லை. கண்ணெதிரே பீரங்கிகள் முழங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் படையை நிறுத்திவைத்து நிலத்தைப் பார்த்தார். கடலோர மணல்மேடுகளுக்கு இடையே ஒரு பாதை தெரிந்தது. ஹைதரின் ஆட்களே பீரங்கி கொண்டுவர வெட்டிய பாதை. படையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அந்த வழியே சுற்றிப் போக விட்டார். மற்றது பின்னாலிருந்த மேட்டைப் பிடித்துக் காத்தது. ஹைதரின் குதிரைப்படை கடற்கரை வழியாகப் பாய்ந்தபோது, கடலில் நின்ற ஆங்கிலேயச் சிறு கப்பல் ஒன்று பீரங்கியால் சுட்டு அதைச் சிதறடித்தது. ஹைதரின் உறவினரும் தளபதியுமான மீர் சாகிப் சாகும் அளவுக்கு அடிபட்டார்.

ஹைதர் ஒரு மேட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தோல்வி உறுதியான பிறகும் எழ மறுத்தார். குதிரைக்காரன் ஒருவன் அவர் காலில் செருப்பை மாட்டி, வற்புறுத்திக் குதிரையில் ஏற்றிக் கூட்டிப்போனதாக வில்க்ஸ் எழுதிய மைசூர் வரலாறு சொல்கிறது. ஹைதரின் பீரங்கி ஒன்றுகூட ஆங்கிலேயர் கையில் சிக்கவில்லை. துரத்தக் குதிரை இல்லை, இழுக்க மாடு இல்லை. ஆயினும் பரங்கிப்பேட்டையில் கூட் தோற்றிருந்தால் சென்னை தப்பியிருக்காது.

ஆகஸ்ட் 27இல் பொள்ளிலூரிலேயே மறுபடி ஒரு சண்டை. ஓராண்டுக்கு முன் பெய்லியை வென்ற ராசியான மண் என்று ஹைதர் அந்த இடத்தைத் தேர்ந்தார். செல்லும் வழியில் கூட்டின் வீரர்கள் பழைய சண்டையில் இறந்தவர்களின் எலும்புகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். மாலையில் ஹைதர் களத்தை விட்டு விலகினார். இரு தரப்பும் வெற்றி என்று சொல்லிக்கொண்டன. ஆங்கிலேயத் தரப்பில் ஜெனரல் ஸ்டூவர்ட்டுக்குக் கால் போயிற்று. புள்ளலூர் என்று இன்று வழங்கும் அந்தக் கிராமத்தில், இந்தச் சண்டையில் செத்த கும்பினி அதிகாரிகளுக்காக எழுப்பிய நினைவுத் தூண்கள் வயல்களுக்கு நடுவே நிற்கின்றன. அதே மண்ணில் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் தன் எதிரிகளை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது.

ஒரு மாதத்தில் சோளிங்கரில் இன்னொரு வெற்றி, செப்டம்பர் 27. அதன் பின்னும் படை போன இடம் ஹைதரின் முகாம் அல்ல. அரிசி தேடி வடக்கே பொம்மராஜு பாளையத்துக்குப் போனது.

*

இந்தக் கட்டத்தில் சென்னைக்குப் புதிய கவர்னர் மெக்கார்ட்னி வந்திருந்தார். கடிதங்கள் பறந்தன. மாடு ஏன் வரவில்லை, அரிசி ஏன் வரவில்லை என்று கூட். போரை நடத்தும் அதிகாரம் முழுவதையும் ஒருவரே வைத்துக்கொள்வது எப்படி என்று கவர்னர். இருவருடைய குறையிலும் நியாயம் இருந்தது. பலமுறை பதவியை விட்டுப் போவதாகச் சொன்னார் தளபதி, போகவில்லை.

வேலூர்க் கோட்டை சுற்றி வளைக்கப்பட்டு, உள்ளே அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. 1782 ஜனவரி தொடக்கத்தில் அதற்கு உணவு கொண்டுபோகும் வழியில் கூட் மூளைத்தாக்கு வந்து விழுந்தார். சில மணி நேரம் இறந்துவிட்டார் என்றே நினைத்தார்கள். மறுநாள் பல்லக்கில் படுத்தபடி படையை நடத்தினார். சதுப்பு நிலத்தில் ஹைதர் தாக்க, அதைத் தாண்டி, மூன்று மாத அரிசியை வேலூரில் சேர்த்துத் திரும்பினார். அவருடைய வாழ்க்கையிலேயே உயர்ந்த செயல் எது என்று கேட்டால் வந்தவாசியைச் சொல்லத் தோன்றவில்லை. இந்தப் பல்லக்குப் பயணத்தைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

சிப்பாய்கள் அவரை நேசித்தார்கள். கூட் பகதூர் என்பது அவர்கள் வைத்த பெயர். அவருக்குப் பின் பல ஆண்டுகள் கழித்தும், சென்னையில் மாட்டியிருந்த அவருடைய படத்துக்கு முதிய சிப்பாய்கள் வந்து சலாம் வைத்துப் போனதாகப் பழைய நூல்கள் குறிப்பிடுகின்றன. அந்தப் படைகளில் பெரும்பாலோர் தென்னாட்டு மக்கள். சம்பளம் நிலுவை, அரைவயிற்றுச் சோறு, எதிரே பல மடங்கு எதிரி. அப்படியும் அவரை விட்டு அவர்கள் ஓடவில்லை. தங்களோடு பட்டினி கிடந்து, தங்களோடு வெயிலில் நின்ற தளபதியை அவர்கள் அடையாளம் கண்டிருந்தார்கள்.

போர்க்களத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு எந்தத் தளபதியும் இல்லை. ஊர் ஊராக எரிக்கப்பட்டு, ஏரிகள் உடைக்கப்பட்டு, உழுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்ட பிறகு எஞ்சிய குடியானவர்கள் சென்னைக்கு வந்து குவிந்தார்கள். 1782 அக்டோபரில் புயல் வந்து, சென்னைக் கரையில் அரிசி ஏற்றி நின்ற படகுகளையும் கப்பல்களையும் அழித்தது. தெருக்களில் பிணங்கள் கிடந்தன. அந்தப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் திறந்ததுதான் ராயபுரத்து மணியக்காரர் சத்திரம். பின்னாளில் அங்கே மருத்துவமனை வந்து, அதுவே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. வடசென்னைப் பெரியவர்கள் நெடுங்காலம் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தார்கள். ஹைதரின் படையெடுப்பு கர்நாடகத்தைச் சூறையாடியதை எட்மண்ட் பர்க் 1785இல் பாராளுமன்றத்தில் விவரித்தபோது, குற்றத்தை ஹைதர் மேல் மட்டும் போடவில்லை. நவாபுக்கு அநியாய வட்டிக்குக் கடன் கொடுத்து நாட்டைச் சுரண்டிய ஆங்கிலேயர்களையும் சேர்த்தே சாடினார்.

*

1782 ஜூன் 2 அன்று ஆரணியில் நடந்த மோதல்தான் கூட்டுக்கும் ஹைதருக்கும் கடைசி. ஹைதரின் சேமிப்புக் கிடங்கு அங்கே இருந்தது. அதை நோக்கி நகர்ந்து எதிரியை வெளியே இழுத்தார். ஒரு பீரங்கியும் சில வெடிமருந்து வண்டிகளும் கிடைத்தன. செப்டம்பரில் உடல் முற்றும் தளர்ந்து கல்கத்தாவுக்குப் போனார். டிசம்பர் 7இல் சித்தூருக்கு அருகே தன் முகாமில் ஹைதர் இறந்தார். இரண்டு ஆண்டு எதிரெதிரே நின்ற இருவரில் ஒருவர் முந்திக்கொண்டார்.

கடலூர் அதற்குள் பிரெஞ்சுக்காரர் வசம் போயிருந்தது. அவர்களுக்குத் தலைமை தாங்க, வந்தவாசியில் கூட் சிறைப்பிடித்த அதே புஸ்ஸி, கிழவராக மறுபடி வந்தார். இரண்டு முதியவர்களும் இருபத்து மூன்று ஆண்டுக்குப் பின் அதே கரையில் மோதியிருக்க வேண்டும். 1783 ஏப்ரலில் பணத்தோடும் பழைய அதிகாரத்தோடும் கூட் சென்னைக்குக் கப்பல் ஏறினார். வழியில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் நாள்கணக்கில் துரத்தின. மேல்தளத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மறுபடி மூளைத்தாக்கு வந்தது. கரையிறங்கிய சில நாளில், ஏப்ரல் கடைசியில், சென்னையில் உயிர் போயிற்று. உடலைப் பின்னர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஹாம்ப்ஷயரில் ராக்போர்ன் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கும்பினி அவருக்குப் பெரிய நினைவுச்சின்னம் எழுப்பியது. சிற்பி தாமஸ் பேங்க்ஸ். வெற்றித் தேவதை ஒரு பனைமரத்தில் தளபதியின் உருவத்தை மாட்டுகிறாள்; கீழே கைதியான இந்தியன் ஒருவன் அழுதபடி உட்கார்ந்திருக்கிறான். அந்த அழும் உருவத்தைச் செதுக்கிய உளி நன்றாக வேலை செய்திருக்கிறது. ஆனால் கூட்டின் வெற்றிகளைச் சுமந்த சிப்பாய்க்கு அந்தப் பளிங்கில் இடம் இல்லை.

1784 மார்ச் 11இல் மங்களூரில் கும்பினியும் ஹைதரின் மகன் திப்பு சுல்தானும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பிடித்த ஊர்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுத்தன. நான்கு ஆண்டுப் போரில் எல்லைக்கோடு ஓர் அங்குலமும் நகரவில்லை. நகர்ந்தது வேறொன்று: போர்ச் செலவைக் காட்டி 1781 டிசம்பரிலேயே கர்நாடகத்தின் வரி வருவாயை நவாபிடமிருந்து மெக்கார்ட்னி எழுதி வாங்கியிருந்தார். ஆறில் ஒரு பங்கு நவாபுக்கு, மீதி கும்பினிக்கு. அந்த ஏற்பாட்டைச் சில ஆண்டுகளில் கைவிட்டாலும், வரி வசூலுக்குக் கும்பினி ஆட்கள் பழகிவிட்டார்கள். 1801இல் நாடு முழுவதையும் தங்கள் பெயருக்கே மாற்றிக்கொண்டார்கள்.